‘அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க’ன்னு யாரைச் சொல்றோம்?

புதுக்காயில் | 04.02.2024, இரவு 9.40

கோயமுத்தூர்ல கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனா தெருவுக்கு நாலு மோட்டார் வைண்டிங் கடை, அதாவது கருகின மோட்டாருக்குப் புதுசாக் கம்பி சுத்தித் தர்ற கடை. எல்லார் போர்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. ஆனா ஒரு கடைக்காரர் வேலையில சிக்கிட்டா, குறிப்பா ஒருத்தருக்குத்தான் போன் போடறாரு. அந்த ஒருத்தர் எப்படி அந்த இடத்துக்கு வர்றாரு? என் கணக்குப்படி கை வேகம்தான். 5 ஹெச்.பி. ஸ்டேட்டரை (மோட்டார்ல சுத்தாம நிக்கிற, கம்பி சுத்தின பகுதி) ஒரே நாள்ல முடிச்சு, ஓவர்ஹேங்கை (இரும்பு கோருக்கு வெளிய நீண்டிருக்கிற காயில் முனை) நூல் பிடிச்ச மாதிரி கட்டித் தர்றவர். சரிதானே அண்ணா?

ஸ்லாட்36 | 04.02.2024, இரவு 10.55

இல்லை தம்பி. வேகத்தைப் பார்த்து அசர்றது கஸ்டமர். ஓவர்ஹேங் அழகைப் பார்த்து அசர்றது வேலை பழகுற பையன். இன்னொரு வைண்டர் பார்க்கிறது, கருகின காயிலை வெட்டுறதுக்கு முன்னாடி அவர் என்ன எழுதி வச்சாருங்கிறதை.

எழுத வேண்டியது: நேம் பிளேட் விவரம் முழுசும். ஸ்லாட் (கம்பி உட்கார்ற பள்ளம்) எத்தனை, காயில் எத்தனை, பிட்ச் என்ன, அதாவது ஒரு காயில் எந்த ஸ்லாட்ல தொடங்கி எதுல முடியுது (36 ஸ்லாட், 4 போல், அதாவது நாலு காந்த முனைன்னா 1–10ஆ, இல்லை 1–8, 1–10, 1–12ன்னு ஒண்ணுக்குள்ள ஒண்ணா கான்சென்ட்ரிக்கா). காயில் குரூப்புகள் சிரீஸா (ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா), பேரலலா (பக்கம் பக்கமா). மூணு பேஸும் ஒரு புள்ளியில சேர்ற ஸ்டாரா, முக்கோணமாச் சேர்ற டெல்டாவா. லீடு (வெளி இணைப்புக் கம்பி) எந்தப் பக்கம் வெளிய வருது. ஓவர்ஹேங் கோர்ல இருந்து எத்தனை மில்லிமீட்டர் நீண்டிருக்கு. இது விட்டுப்போனா மூடி போடும்போது காயில் தட்டும். அப்புறம் சுத்து எண்ணிக்கை. ஒரு காயிலை மட்டும் எண்ணாதீங்க, மூணு காயில் எண்ணுங்க.

ரெண்டு இடத்துல ஆள் விழுவான். முதல்ல கேஜ், அதாவது கம்பியோட தடிமன் நம்பர்; நம்பர் கூடினா கம்பி மெலிசு. எனாமலோட (கம்பி மேல இருக்கிற இன்சுலேஷன் பூச்சு) மைக்ரோமீட்டர் வச்சா 22 கேஜ் கம்பி (வெறும் கம்பி 0.711 மி.மீ.) 0.78 வாக்குல காட்டும். உடனே ‘21 கேஜ்’னு (0.813) எழுதிடுவான். குறுக்குப் பரப்பு 30 சதவீதம் கூடிப்போச்சு. ஸ்லாட்டுக்குள்ள கம்பி அடங்காது. அடங்கலேன்னதும் ஆறு, எட்டு சுத்தைக் குறைப்பான். அந்த மோட்டார் சும்மா ஓடும்போதே ஆம்பியர் ஏறி, ரெண்டு மாசத்துல திரும்ப வந்து நிக்கும். எனாமலை நெருப்புல காட்டி, துணியில துடைச்சுட்டு அளக்கணும். சாணைத்தாள் போட்டா கம்பியும் சேர்ந்து தேயும்.

அடுத்தது இழை. ரெண்டு கம்பி சேர்த்துச் சுத்தின 38 சுத்தை 76 சுத்துன்னு எண்ணிடறது. காயில் முனையில எத்தனை கம்பி சேர்த்துப் பத்த வச்சிருக்குன்னு பார்த்துட்டுத்தான் எண்ணவே தொடங்கணும்.

மெகர்500 | 05.02.2024, காலை 7.15

டேட்டா எடுக்கிறது குமாஸ்தா வேலைங்க. அது எல்லாருக்கும் வந்தாகணும். பேர் வாங்கித் தர்றது ‘ஏன் கருகுச்சு?’ங்கிறதுக்குப் பதில்.

எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருத்திருந்தா ஓவர்லோடு, இல்லேன்னா பம்ப் இறுகிப்போய் ரோட்டார் (உள்ள சுத்துற பகுதி) சுத்தாம நின்னிருக்கு. ஒரு காயில்ல மட்டும் ஒரு இடம் உருகியிருந்தா சுத்துக்குச் சுத்து ஷார்ட். ஸ்லாட் வாய்ல புள்ளி மாதிரி கருகல்னா ஸ்லாட் பேப்பர் கிழிஞ்சு, கம்பி இரும்பைத் தொட்டுப் பாடி அடிச்சிருக்கு. ரெண்டு பேஸ் முழுசாக் கருகி ஒண்ணு புதுசு மாதிரி மின்னினா சிங்கிள் பேஸ், அதாவது மூணு லைன்ல ஒண்ணு போயிருக்கு. இதைச் சொல்லாம வைண்டிங் மட்டும் பண்ணிக் கொடுத்தா, அதே பியூஸ் கட்டையில அதே மோட்டாரைத் திரும்ப மாட்டுவாங்க.

போர்வெல்செட் | 05.02.2024, காலை 8.02

கடைசி வரி பாதிதான் சரிங்க. ரெண்டு பேஸ் கருகி ஒண்ணு தப்பிக்கிறது ஸ்டார்ல. ஒரு லைன் போச்சுன்னா மிச்சம் ரெண்டு பேஸும் சிரீஸா நின்னு கரண்ட் இழுக்கும், மூணாவதுல ஒண்ணும் ஓடாது. டெல்டாவுல தலைகீழ்: ஒரு பேஸ் முழு லைன் வோல்டேஜ்ல நேரா நிக்கும், மத்த ரெண்டும் சிரீஸ்ல. அதனால ஒரு பேஸ் கருகும், ரெண்டு தப்பிக்கும். 4 போல்ல 12 குரூப் இருந்தா ஸ்டாருக்கு 8 கருப்பு, டெல்டாவுக்கு 4 கருப்பு.

மெகர்500 | 05.02.2024, காலை 8.10

ஆமாங்க. அவசரத்துல ஸ்டாரை மட்டும் நினைச்சு எழுதிட்டேன். இன்னும் ஒண்ணு: டெல்டாவுல ஒரு பேஸ் மட்டும் கருத்திருந்தா லைன் போனதுன்னே முடிவு கட்டக் கூடாது. மூணு லைனும் இருந்து, வோல்டேஜ் ஏத்த இறக்கமா இருந்தாலும் ஒரு பேஸ் மட்டும் கூடுதலாக் கருக்கும். வோல்டேஜ்ல 1 சதவீத வித்தியாசம் வந்தா கரண்ட்ல 6 முதல் 10 சதவீத வித்தியாசம் வரும். தோட்டத்து டிரான்ஸ்பார்மர்ல ஒரு பேஸ்ல மட்டும் வீட்டு லைன் கூடுதலா ஏறியிருந்தா இதுதான் நடக்கும். கருகலோட அழுத்தத்தைப் பார்க்கணும். லைன் போனதுன்னா கரி மாதிரி இருக்கும், மத்த ரெண்டும் பளிச்சுனு இருக்கும். ஏத்த இறக்கம்னா ஒண்ணு கருப்பு, மத்தது பழுப்பு.

புதுக்காயில் | 05.02.2024, மதியம் 1.30

அப்போ டேட்டா நோட்டு பெருசா இருக்கிறவர்தான் பெரிய ஆளா? சில பேர் இருபது வருஷ நோட்டு வச்சிருக்காங்க, பூட்டியே வைக்கிறாங்க.

ஸ்லாட்36 | 05.02.2024, இரவு 10.20

நேத்து நான் எழுதினதைப் படிச்சா அப்படித்தான் தோணும். கொஞ்சம் மாத்திக்கிறேன்.

நோட்டுல இருக்கிறது, அந்த மோட்டார் கடைக்கு வந்த அன்னிக்கு உள்ள என்ன இருந்துச்சோ அது. கம்பெனி சுத்தினதா, அதுக்கு முன்னாடி நாலு கடை பார்த்து நாலு பேர் கை வச்சதான்னு நோட்டு சொல்லாது. முதல் ஆள் எட்டு சுத்து குறைச்சான், ரெண்டாவது ஆள் அதையே ‘ஒரிஜினல்’னு எழுதினான், மூணாவது ஆள் அவன்கிட்ட வாங்கி எழுதினான். தப்பு நோட்டு நோட்டா நடக்கும்.

கணக்குப் போட்டுச் சரிபார்க்கிறவரைத்தான் மத்தவங்க தேடிப் போறாங்க. பெரிய கணக்கும் இல்லை. 36 ஸ்லாட், 4 போல், 415 வோல்ட் டெல்டா. ஸ்டேட்டர் உள்விட்டம் 110 மி.மீ., கோர் நீளம் 100 மி.மீ.ன்னு வச்சுக்குங்க.

ஒரு போலுக்குப் பரப்பு: 3.14 × 0.110 × 0.100 ÷ 4 = 0.00864 சதுர மீட்டர்.
ஏர் கேப்ல (ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) காந்த அடர்த்தி சராசரி 0.5 டெஸ்லா எடுத்தா ஒரு போலுக்கு 0.00432 வெபர்.
பேஸுக்குச் சுத்து: 415 ÷ (4.44 × 50 × 0.00432 × 0.96) = சுமார் 451. 50ங்கிறது ஹெர்ட்ஸ், 4.44 ஃபார்முலா எண். இந்த 0.96, போலுக்குப் பேஸுக்கு 3 ஸ்லாட் வர்ற வைண்டிங்கோட காரணி.
ஒற்றை லேயர்ல (ஒரு ஸ்லாட்ல ஒரு காயில் பக்கம் மட்டும்) பேஸுக்கு 6 காயில். ஒரு காயிலுக்கு 75 சுத்து.

நோட்டுல 72, 78ன்னு இருந்தா நம்பலாம். டிசைனருக்கு டிசைனர் 0.45, 0.55ன்னு மாறும். 60ன்னு இருந்தா 0.62 டெஸ்லாவுக்கு மேல போகுது, பல்லெல்லாம் (ஸ்லாட்டுக்கு நடுவுல இருக்கிற இரும்பு) சேச்சுரேட் ஆகும், அதுக்கு மேல காந்தம் தாங்காது. அங்க பென்சிலைக் கீழ வச்சுட்டு, அந்த டேட்டா எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்கணும்.

புதுக்காயில் | 05.02.2024, இரவு 10.48

கோர் நீளத்துல தகட்டுக்கு நடுவுல இருக்கிற பூச்சைக் கழிக்க வேண்டாமா? 0.95ஆல பெருக்கணும்னு படிச்சிருக்கேன்.

ஸ்லாட்36 | 05.02.2024, இரவு 11.05

நல்ல கேள்வி. ஏர் கேப் பரப்புக்குக் கழிக்கக் கூடாது, அங்க முழு நீளம்தான். பல்லுலயும் முதுகுலயும் (பல்லுக்குப் பின்னாடி இருக்கிற இரும்பு வளையம்) எத்தனை டெஸ்லான்னு பார்க்கும்போதுதான் இரும்பு மட்டும் கணக்கு, அப்போ 0.95. பல்லு 1.7க்கு மேல, முதுகு 1.5க்கு மேல போனா யோசிக்கணும். 2 போல் மோட்டார்ல முதுகுதான் முதல்ல திணறும்கிறதையும் மறக்காதீங்க.

போர்வெல்செட் | 06.02.2024, காலை 6.50

நீங்க எல்லாரும் மேல இருக்கிற மோட்டாரைப் பத்தியே பேசுறீங்க. 600 அடிக்குக் கீழ, போர்வெல் தண்ணிக்குள்ள முங்கி நிக்கிற சப்மெர்சிபிளைப் பத்திப் பேசுங்க. அதுல தப்பு பண்ணினா வைண்டிங் கூலி மட்டும் போகாது. பைப்பைத் தூக்கி இறக்குற கூலி ரெண்டு தடவை. அதனால சப்மெர்சிபிள்ல பேர் வாங்குறது கடினம், போறது சுலபம்.

தண்ணி நிரப்புற மோட்டார்ல எனாமல் கம்பி கிடையாது, மேல பாலி (பிளாஸ்டிக் உறை) சுத்தின கம்பி. காயிலை அச்சுல சுத்தி இறக்க முடியாது, ஊசியில நூல் கோக்குற மாதிரி ஒவ்வொரு சுத்தா ஸ்லாட்டுக்குள்ள இழுக்கணும். இழுக்கும்போது ஸ்லாட் விளிம்புல ஒரே ஒரு கீறல் விழுந்தா போதும், தண்ணி உள்ள போயிடும். வார்னிஷ் (காயிலை ஒட்டிக் கெட்டியாக்குற பூச்சு) வந்து காப்பாத்தாது, இங்க வார்னிஷே இல்லை. தெரிஞ்சவங்க ஸ்லாட் ரெண்டு முனையிலயும் பிளாஸ்டிக் ஸ்லீவை கொஞ்சம் வெளிய நீட்டி வச்சுட்டுத்தான் முதல் கம்பியையே விடுவாங்க.

அடுத்தது ஜாயிண்ட். பாலியை உரிச்சு, முறுக்கி, ஈயம் வச்சு, முள்ளு இல்லாம ராவி, தானா ஒட்டிக்கிற ரப்பர் டேப்பை பாதி மேல பாதி ஏறுற மாதிரி இழுத்துச் சுத்தி, மேல பிவிசி டேப். ரப்பர் டேப்பை இழுக்காம சுத்தினா ஒட்டாது, அப்படியே உரிஞ்சு வரும். முடிச்சதும் ஸ்டேட்டரை ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டு, காலையில தண்ணிக்குள்ள இருக்கும்போதே 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) வச்சுப் பார்க்கணும். காத்துல வச்சு மெகர் பார்த்துட்டு ‘இன்பினிட்டி காட்டுது’ன்னு சொல்றவரை யாரும் ரெண்டாவது தடவை கேட்க மாட்டாங்க.

இறக்கும்போது மோட்டாருக்குள்ள சுத்தமான தண்ணி நிரப்பி, ஆட்டி, குமிழி எல்லாம் வெளியேறினதும் இன்னும் கொஞ்சம் ஊத்தி மூடணும். காத்து நின்னா மேல் புஷ் (ஷாஃப்டைத் தாங்குற குழாய் பேரிங்) தண்ணியில்லாமக் காயும். த்ரஸ்ட் பேரிங் (ரோட்டார் பாரத்தை அடியில தாங்குறது) கார்பனைக் கழட்டிப் பார்க்காம வைண்டிங் மட்டும் பண்றது அரை வேலை. கார்பன் தேஞ்சு ரோட்டார் இறங்கினா பம்ப் இம்பெல்லர் (தண்ணியைத் தள்ளுற சக்கரம்) உரசும், லோடு ஏறும், திரும்பக் கருகும். பழி வைண்டர் தலையில.

மெகர்500 | 06.02.2024, காலை 7.30

மெகர் பேர்ல ஐடி வச்சிருக்கிறதால ஒரு கருத்து. சூடா இருக்கிற ஸ்டேட்டர்ல மெகர் குறைவாத்தான் காட்டும். 10 டிகிரி ஏறினா கிட்டத்தட்ட பாதியாகும். அடுப்புல இருந்து எடுத்ததும் 20 மெகோம் காட்டுதுன்னு பதறி, ஆறினதும் 200 காட்டுதுன்னு குதிக்க வேண்டாம். ஒரு நிமிஷம் விடாமச் சுத்திட்டு, அந்த ரீடிங்கையும் அப்போதைய சூட்டையும் சேர்த்து எழுதுங்க.

போர்வெல்செட் | 06.02.2024, காலை 7.34

சுத்துற மெகர் வச்சிருக்கிறவர் ஒரு நிமிஷம் சுத்தினா முதல்ல கை கருகும்.

ஸ்லாட்36 | 07.02.2024, இரவு 9.10

பழைய காயிலை உருவுறதை யாரும் தொடலை. பாதி மோட்டாரோட ஆயுசு போறது அங்கதான்.

விறகையோ கேஸ் பர்னரையோ வச்சு எரிச்சா வார்னிஷ் சீக்கிரம் போயிடும். கூடவே தகட்டுக்கு நடுவுல இருக்கிற பூச்சும் போயிடும். தகடும் தகடும் ஒட்டி, கோர்லயே கரண்ட் சுத்தும். புது வைண்டிங் எவ்வளவு நல்லா இருந்தாலும் உடம்பு சுடும். கோர் 370 டிகிரியைத் தாண்டக் கூடாது, அடுப்புல வச்சு அளந்து எரிக்கணும். அடுப்பு இல்லாத கடைனா ஒரு பக்கத்து ஓவர்ஹேங்கை உளியில வெட்டிட்டு, மிதமான சூட்டுல மறுபக்கம் இழுக்கிறது மேல்.

வந்த மோட்டாரை முன்னாடியே யாராவது எரிச்சிருந்தா? கோரைச் சோதிக்கலாம். முதுகு ஆழம் 20 மி.மீ., நீளம் 100 மி.மீ.னா இரும்புப் பரப்பு 0.0019 சதுர மீட்டர். 1.3 டெஸ்லாவுக்கு ஒரு சுத்துக்கு 222 (அதே 4.44 × 50) × 1.3 × 0.0019 = 0.55 வோல்ட். 24 வோல்ட் டிரான்ஸ்பார்மர் இருந்தா கோரோட உள்ளயும் வெளியயுமா 44 சுத்து கேபிள் சுத்துங்க. 15 ஆம்பியர் தாங்குற டிரான்ஸ்பார்மரா இருக்கட்டும். ஓடவிட்டுக் கோரைத் தடவிப் பாருங்க, இல்லேன்னா சூடு பார்க்கிற கன் வைங்க. மத்த இடத்தைவிட 10 டிகிரிக்கு மேல சூடாகிற இடம் இருந்தா அங்க தகடு ஒட்டியிருக்கு.

ஒட்டியிருந்தா ‘இந்த கோர்ல வைண்டிங் பண்ண வேண்டாம்’னு திருப்பிக் கொடுக்கணும். கூலி போகும்தான். அடுத்த கடைக்காரர் யோசிக்காம அதைக் கட்டிக் கொடுத்து, மூணு மாசத்துல கருகி நிக்கும்போதுதான் முதல்ல திருப்பிக் கொடுத்தவர் யாருன்னு தெருவுல பேச்சு வரும்.

புதுக்காயில் | 07.02.2024, இரவு 9.45

வைண்டிங் முடிச்சதும் பேரிங் குண்டு ஒண்ணை ஸ்டேட்டருக்குள்ள போட்டு, குறைஞ்ச வோல்டேஜ் கொடுத்து, குண்டு வட்டமா ஓடினா ஓகேன்னு சொல்றாங்களே? அது போதுமா?

ஸ்லாட்36 | 07.02.2024, இரவு 10.30

வேடிக்கை காட்ட நல்லா இருக்கும். ஒரு காயில் தலைகீழா மாட்டியிருந்தாலும் குண்டு பல சமயம் ஓடிடும். ஒரு பேஸுக்கு 12 வோல்ட் பேட்டரியை கொஞ்ச நேரம் கொடுத்து, உள்ள காந்த ஊசியை வட்டமா நகர்த்துங்க. 4 போல்னா வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்குன்னு நாலு தடவை தெளிவாத் திரும்பணும். ஒரு இடத்துல தயங்கினா அங்க ஒரு குரூப் தலைகீழா மாறியிருக்கு. மூணு பேஸுக்கும் தனித்தனியாப் பாருங்க. இதை வார்னிஷுக்கு முன்னாடி பண்ணணும். பின்னாடி பண்ணினா பார்க்கத்தான் முடியும், பிரிக்க முடியாது.

மெகர்500 | 08.02.2024, காலை 7.05

வார்னிஷ்னு வாயெடுத்ததால: முதல்ல 100–110 டிகிரியில ஈரம் போக உலர்த்தி, 60 டிகிரிக்கு ஆறவிட்டு, குமிழி நிக்கிற வரைக்கும் முக்கி, வடியவிட்டு, அப்புறம் டின்மேல போட்டிருக்கிற சூட்டுல, போட்டிருக்கிற நேரம் அடுப்பு. ரொம்பச் சூடா முக்கினா தின்னர் பொங்கி ஓடிடும், ஸ்லாட்டுக்குள்ள ஒண்ணும் தங்காது. சும்மா பிரஷ்ல தடவி 200 வாட் பல்பை உள்ள தொங்கவிட்டா மேல் தோல் காஞ்சு உள்ள பசையா நிக்கும். கம்பி அதிர்ந்து அதிர்ந்து எனாமல் தேயும். இந்த விஷயத்துல எல்லாருக்கும் எல்லாம் தெரியும், செய்யத்தான் பொறுமை இல்லை.

போர்வெல்செட் | 08.02.2024, மதியம் 2.15

தலைப்புக்குத் திரும்புவோம். போன்ல கேட்டா உடனே ‘நாலு சுத்து கூட்டிப் போடு’ன்னு சொல்றவர் ஒருத்தர். ‘சும்மா ஓடும்போது மூணு லைன்லயும் எத்தனை ஆம்பியர், அப்போ வோல்டேஜ் எவ்வளவு, ரோட்டாரை லேத்ல விட்டீங்களா’ன்னு திருப்பிக் கேட்கிறவர் இன்னொருத்தர். ரெண்டாவது ஆளுக்குத்தான் மறுபடி போன் போகும்.

கடைசிக் கேள்விக்கு ஏன் அவ்வளவு கனம்: 5 ஹெச்.பி. 4 போல் மோட்டார் முழு லோடுல 7.5 ஆம்பியர், சும்மா ஓடும்போது 3, 3.5 வாக்குல எடுக்கும். சுத்தும் கேஜும் சரி, ஆனா 4.5 எடுக்குதுன்னு வைங்க. வைண்டர் ரெண்டு தடவை பிரிச்சுச் சுத்துவான், குறையாது. பேரிங் போய் ரோட்டார் உரசினதுன்னு யாரோ லேத்ல ஒரு சீவு சீவியிருப்பாங்க. ஏர் கேப் 0.35 மி.மீ.ல இருந்து 0.45 ஆகியிருக்கும். காந்தம் தாண்ட வேண்டிய இடைவெளி கால் பங்குக்கு மேல கூடிப்போச்சு, அதுக்கான கரண்டைத்தான் அது எடுக்குது. காயில்ல தப்பே இல்லை.

ஸ்லாட்36 | 08.02.2024, இரவு 10.00

இதை ஒத்துக்கிறேன். கூடவே ஸ்டார்ட்டரையும் கேட்பாரு. 10 ஹெச்.பி. ஸ்டார்–டெல்டா (ஸ்டார்ல கிளம்பி டெல்டாவுல ஓடுறது), லைன்ல 14 ஆம்பியர். ஓவர்லோடு ரிலே (ஆம்பியர் கூடினா மோட்டாரை நிறுத்துற கருவி) மோட்டாரோட பேஸ் வழியில உட்கார்ந்திருந்தா அது பார்க்கிறது 14ஐ இல்லை, அதுல 0.58 பங்கு, அதாவது 8 ஆம்பியர் சொச்சம். நேம் பிளேட்டைப் பார்த்து 14ல திருப்பி வச்சிருப்பாங்க. அந்த மோட்டாருக்குக் காவலே இல்லை. இங்க கருகுறதுக்கும் வைண்டிங்குக்கும் சம்பந்தம் இல்லை, ஆனா இதைக் கண்டுபிடிச்சுச் சொல்ல வைண்டர் தோட்டத்துக்கு ஒரு நடை போகணும். தோட்டத்துல ரெண்டு பேஸ் வர்ற நேரத்துல கெப்பாசிட்டர் போட்டு ஓட்டுறாங்களான்னும் அங்க போனாத்தான் தெரியும். கடையில கேட்டா ‘இல்லவே இல்லீங்க’ன்னுதான் சொல்வாங்க.

மெகர்500 | 08.02.2024, இரவு 10.12

முதல் நாள் டேட்டாவைக் குமாஸ்தா வேலைன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். காயிலை வெட்டி எறிஞ்சாச்சுன்னா எந்தக் குரூப் கருப்பு, எது பளிச்சுன்னு எதை வச்சுச் சொல்றது? வெட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போட்டோ, லீடு பக்கத்துல சாக்பீஸ்ல ஒரு குறி. அதுவும் டேட்டாதான்.

புதுக்காயில் | 09.02.2024, காலை 9.20

அண்ணா, இப்ப மேசைமேல இருக்கிறது ஒண்ணு. டேட்டாவுல 18 கேஜ் ஒத்தைக் கம்பி. கடையில 18 ஸ்டாக் இல்லை. ரெண்டு 20 போட்டா தடிமனாகுது, ரெண்டு 21 போட்டா குறையுது. 20ஐயும் 21ஐயும் சேர்த்துப் போடலாமா?

ஸ்லாட்36 | 09.02.2024, காலை 9.31

போடலாம். 18 கேஜ் 1.168 சதுர மி.மீ. 20ம் 21ம் சேர்ந்தா 0.656 + 0.519 = 1.175. ஆனா ரெண்டு கம்பிக்கு எனாமல் ரெண்டு, நடுவுல சந்தும் வரும். ஸ்லாட் ஏற்கனவே நெருக்கமா இருந்தா முதல்ல ஒரு காயில் மட்டும் சுத்தி, இறக்கி, ஸ்லாட் வாயை மூடுற மூங்கில் ஆப்பு அடங்குதான்னு பார்த்துட்டு மீதியைச் சுத்துங்க. அடங்கலேன்னா சுத்தைக் குறைக்காதீங்க, 18 வாங்கிட்டு வாங்க. நோட்டுல ‘வந்தது 18 ஒத்தை, போட்டது 20+21’னு ரெண்டையும் எழுதுங்க. மூடிக்கு உள்பக்கம் பெயிண்ட்ல தேதியோட எழுதிட்டா அடுத்துத் திறக்கிறவருக்கும் ஆகும்.